சம்பந்தி வீட்டுக்கு எதிரே ஒரு திரை

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. விசில் மாஸ்டர் என்றால்தான் தெரியும். ஒருமுறை மைதானத்தில் அவர் ஊதிய விசிலுக்கு, மூன்று தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்த பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து, "யார் சார் ஸ்டாப் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். கைப்பந்தாட்டத்தில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கண் இமைக்காமல் தீர்ப்புச் சொன்ன மனிதர். அப்பேர்ப்பட்டவருக்கே தலையும் புரியாமல் வாலும் புரியாமல் போனது ஒரு பால்கனித் திரையால்.

"என்னங்க, பால்கனிக்கு ஒரு திரை போடணும்" என்றாள் மனைவி. "நல்லா கனமா, மழைக்கும் காத்துக்கும் தாங்குற மாதிரி. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்."

"கொசுவுக்கா?"

"இல்ல."

"வெயிலுக்கா?"

"நம்ம பால்கனிக்கு வெயில் என்னைக்கு வந்துச்சு?"

"அப்ப எதுக்கு?"

"போடணும். அவ்வளவுதான்."

அவள் வாயிலிருந்து 'அவ்வளவுதான்' வந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. ஆனாலும் மாஸ்டர் தயங்கினார். காரணம், எதிர்வரிசையில், அதே இரண்டாம் மாடியில், இந்தப் பால்கனியை முறைத்துப் பார்த்தபடி நின்றது அவருடைய சம்பந்தி வீடு. ஒரே மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார். தெரு அவ்வளவு குறுகல். இங்கே தும்மினால் அங்கே கைக்குட்டையை எடுப்பார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம், இரு வீட்டுக்கும் நடுவே ஒரு முகச்சுளிப்பு இல்லை. இப்போது பெண்ணைக் கொடுத்தவரே சம்பந்தி முகத்துக்கு நேரே திரையை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கோபம் யார் தலையில் வந்து விடியும்? மகள் தலையில்தான்.

இதில் இன்னொரு குழப்பம். அந்தப் பால்கனியில் குடியிருந்ததே அவர் மனைவிதான். காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியே மகளைப் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. கழுகுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டாலும் அவள் பார்வைக்கு ஈடாகாது. மகள் குழாயை இறுக்கி மூடாவிட்டால் உடனே போன் பறக்கும். அப்படிப்பட்டவள் திரை கேட்கிறாள் என்றால்? சம்பந்தியம்மாள் ஏதாவது சொல்லிவிட்டாளா? இவள் ஏதாவது பார்த்துவிட்டாளா? கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

மாஸ்டர் கடைக்குப் போய்க் கனமான திரை ஒன்றை வாங்கினார். அகலம் அதிகம், குழாய் போட்டால் நடுவில் வளையும், எஃகுக் கம்பி வடம்தான் சரி என்றார் கடைக்காரர். இரு முனைக்கும் நீளமான திருகுக் கொக்கி, வடத்தை விறைப்பாக இழுக்க ஒரு டர்ன்பக்கிள். அதன் நடுச்சட்டத்தை ஒரு பக்கம் சுற்றினால் வடம் இறுகும், மறுபக்கம் சுற்றினால் தளரும். எந்தப் பக்கம் எது என்பதையும் கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். மாஸ்டர்தான் காதில் வாங்கவில்லை. ஆயிரம் கைப்பந்து வலை கட்டிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு.

மறுநாள் காலை இடது கோடியிலிருந்த கான்கிரீட் தூணில் முதல் கொக்கியை இறக்கினார். துளைபோடும் சத்தம் அடங்குவதற்குள் எதிர்ப்பால்கனியில் சம்பந்தி வந்து நின்றார். ஆயுள் முழுக்க போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

"என்ன சம்பந்தி, கம்பியெல்லாம் பலமா இருக்கு?"

"துணி காயப்போட!" என்று மாஸ்டர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள் குரல் கொடுத்தாள். "புறாவுக்கு வலை கட்டப்போறதா நேத்து எங்கிட்ட சொன்னாரே!"

"புறாவும்... துணியும்..." என்றார் மாஸ்டர்.

"இருங்க, நான் வரேன். நீங்க கோணலா நிக்கிறீங்க" என்று சம்பந்தி புறப்பட்டே விட்டார்.

மாஸ்டர் சுருட்டியிருந்த திரையை நாற்காலிக்குப் பின்னால் தள்ளினார். வந்தவரை மனைவி பால்கனிக்கு அனுப்பிவிட்டு, தூசி வருகிறதென்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு வலது கோடிச் சுவரில் இருந்தது. உள்பக்கம் திறக்கும் கதவு. மறுமுனையை மாட்ட வேண்டியதும் அந்தச் சுவரில்தான். அங்கே துளையிட்டால் மணல் அருவியாகக் கொட்டியது. இன்னும் இரண்டு ஓட்டை போட்டிருந்தால் மனைவி அந்த வழியாகவே காபி நீட்டியிருப்பாள்.

"சுவர் வேணாம் சம்பந்தி. இந்த நிலையைப் பாருங்க, கல்லு மாதிரி மரம்" என்று கதவு நிலையைத் தட்டிக் காட்டினார் ஸ்டூடியோக்காரர். "கொஞ்சம் மேல... கொஞ்சம் இடது... அசையாதீங்க... சிரிங்க. ஐயோ, பழக்கதோஷம்."

விரல் நீளக் கொக்கியை இருவரும் மாறி மாறித் திருகி நிலைக்குள் இறக்கினார்கள். வடத்தை மாட்டினார்கள். அடுத்து டர்ன்பக்கிள். மாஸ்டர் தன் பக்கம் சுற்றினார். அவர் கை வலித்து நிறுத்தியதும் சம்பந்தி எதிர்ப்பக்கம் சுற்றினார். ஒருவர் இறுக்கியதை மற்றவர் தளர்த்தி, மற்றவர் தளர்த்தியதை ஒருவர் இறுக்கி, வடம் மட்டும் ஊஞ்சலாடியது. கடைசியில் எப்படியோ விறைத்தது. மாஸ்டர் சுண்டிப் பார்த்தார். 'டொய்ங்' என்ற சத்தத்தில் தெருக்கோடியில் தூங்கிய நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"வலைன்னா இது வலை!" என்றார் மாஸ்டர்.

காபியோடு மனைவி கதவைத் திறக்க வந்தாள். கதவு வரவில்லை. இழுத்தாள். வரவில்லை. பக்கத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். நிலையின் விளிம்பைத் துளைத்த கொக்கி அதோடு நிற்காமல், பின்னால் மூடியிருந்த கதவுக்குள்ளும் நன்றாக இறங்கி, கதவையும் நிலையையும் ஒன்றாகத் தைத்திருந்தது. கொக்கியைக் கழற்ற வடம் தளர வேண்டும். வடம் தளர எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்? அது இருவருக்கும் தெரியாது. சுற்றினார்கள். வடம் இன்னும் இறுகி முனகியது.

"அந்தப் பக்கம் இல்ல சம்பந்தி, இந்தப் பக்கம்!"

"உங்களுக்கு இந்தப் பக்கம்னா எனக்கு அந்தப் பக்கம்தானே? நான் எதிர்ல நிக்கிறேன்!"

பின்வாங்கிய சம்பந்தியின் கால் நாற்காலியில் இடித்தது. பின்னாலிருந்த சுருள் சரிந்து, கனமான சாம்பல்நிறத் துணி வளையம் பதித்த துளைகளோடு பால்கனி நீளத்துக்கும் படார் என்று விரிந்தது. சம்பந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார்.

"இது... எங்க வீட்டை மறைக்கவா?"

மாஸ்டர் அவசரமாகத் துணியைச் சுருட்டப் பார்த்தார்.

"நாங்க என்ன தப்பு பண்ணினோம்? சொல்லியிருந்தா எங்க ஜன்னலை நாங்களே சாத்தியிருப்போமே. இதுக்கு என்னையே கூட்டு சேர்த்துக்கிட்டு கம்பி இழுக்க வச்சீங்களே சம்பந்தி!" அவர் முகம், வெளிச்சம் அதிகமாகிப்போன போட்டோ மாதிரி வெளிறியது. கோபித்துக்கொண்டு விருட்டென்று போகவும் வழியில்லை. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் போய் நின்றார். எதிர்ப்பால்கனியில் சம்பந்தியம்மாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மகள் அவளுக்குப் பின்னால். மாஸ்டர் பயந்தது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

"மாமா!" என்று மகள் கூப்பிட்டாள். "நான்தான் அம்மாகிட்ட கேட்டேன்."

"அவ கேக்கல!" ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து மனைவி. "நான்தான் போடச் சொன்னேன். பார்த்துக்கிட்டே உட்கார்ந்து கழுத்து வலிக்குது."

"அம்மா, சும்மா இரு. நான்தான் கேட்டேன். மாமா, அத்தை என்னை ஒரு வேலையும் செய்யவிட மாட்டேங்கிறாங்க. ரெண்டு வருஷமா விருந்தாளி மாதிரி இருக்கேன். அடுப்புகிட்ட போனா, 'ஐயோ, உங்கம்மா பார்க்கிறாங்க, நான் உன்னை வேலை வாங்குறேன்னு நினைச்சுக்குவாங்க, போய் உட்காரு'ங்கிறாங்க. இது என் வீடு மாதிரியே இல்ல மாமா. அதான் அம்மாகிட்ட, கொஞ்ச நாளைக்குப் பார்க்காம இருன்னு சொன்னேன்."

தெருவே நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். ஜன்னலில் அவள் இல்லை. காபி டம்ளர் மட்டும் இருந்தது.

சம்பந்தியம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "நல்லதாப் போச்சு!" என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் இரண்டு பால்கனிக் கொடித்துணியும் காய்ந்திருக்கும். "ரெண்டு வருஷமா இந்த வீட்டு வேலையெல்லாம் நான் ஒருத்தியே செஞ்சு இடுப்பு ரெண்டாப் போச்சுடீ! பயத்துல ஒரு கொட்டாவி விட முடியல. சம்பந்தி, அந்தத் திரையைச் சீக்கிரம் மாட்டுங்க!"

மூலையில் நின்ற ஸ்டூடியோக்காரர் மெல்லத் திரும்பினார். "இதை முன்னாடியே ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் சம்பந்தி" என்றார் மாஸ்டர். அவர் அன்று சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பிறகு இருவரும் ஒரே பக்கமாக நின்றுகொண்டு, ஒரே பக்கமாகச் சுற்றினார்கள். வடம் தளர்ந்தது. கொக்கி கழன்றது, கதவு திறந்தது. கதவுக்கு மேலே ஓடிய கான்கிரீட் விட்டத்தில் புதுத் துளை போட்டு, வடத்தை மறுபடி இழுத்து, திரையை வளையம் வளையமாகக் கோத்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சம்பந்தி போகும்போது காபியைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

மாஸ்டருக்கு இப்போது மனைவியை நினைத்துக் குழப்பம். பாவம், நாற்காலியில் உட்கார்ந்து அவள் இனி எதைப் பார்ப்பாள்? யோசித்து, திரையை இழுத்தபோது வலது ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டுவைத்தார். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் நேராகத் தெரியும். அதை அவரே ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்திருந்தார்.

மனைவி வந்து உட்கார்ந்தாள். இடைவெளி வழியே மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. எதிரே பாத்திரம் உருளும் சத்தம், "மெதுவாடீ!" என்று சம்பந்தியம்மாள் அதட்டும் குரல், அதற்கு மகள் எதையோ சொல்லி உரக்கச் சிரிக்கும் சத்தம். மனைவி உடனே எழுந்தாள். இடைவெளியருகே போனாள். எட்டிப் பார்க்கப்போகிறாள் என்று மாஸ்டர் நினைத்தார்.

"இதை எதுக்கு விட்டிருக்கீங்க?"

"அது... காத்துக்கு."

அவள் திரையின் ஓரத்தைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தாள். கீழ்முனையைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டாள். அது போதாதென்று இன்னொன்றும் போட்டாள்.

"காத்து வேற வழியா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.