‘ப்ரெடிக்ட்’ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

‘முன்னறிவித்தல்’ என்று போட்டால் வானொலியில் மழைச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. ‘ஆரூடம்’ என்றால் படிக்கிறவர் உள்ளங்கையை நீட்டிவிடுவார். காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாளையைச் சொல்கிறவளுக்கு ஒற்றைச் சொல் கிடையாதா என்ன?

அகராதி அலுவலகத்தின் சன்னலோர மேசையில் அவளுடைய முற்பகல் இப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது. ‘ப்ரெடிக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளும், அதன் புழக்கத்தைக் காட்டும் ஒரு வாக்கியமும் எழுத வேண்டும். பொருளை ஒருவழியாக ‘தெரிந்ததை வைத்து, நடக்கப்போவதைச் சொல்’ என்று முடித்துவிட்டாள். வாக்கியத்தில்தான் வண்டி நின்றது. எதை எழுதிக் கொண்டுபோனாலும் தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, “இதை யாரும்மா, யார்கிட்ட சொல்றாங்க?” என்பார். ஆள் தெரியாவிட்டால் வாக்கியம் குப்பைக்கூடைக்கு. அதனால் அவள் வீட்டு ஆட்களையெல்லாம் அகராதிக்குள் குடியேற்றியிருந்தாள். பிடிவாதத்துக்கு அக்கா, குறட்டைக்கு அத்தான். அவர்களுக்குத் தெரியாது. அந்த இரகசியத்தில் அவளுக்கு ஒரு குஷி.

அன்று பிடிவாதமே மாடியேறி வந்தது.

“லிஃப்ட் இல்லாத ஆஃபீஸ்ல உனக்கென்னடி வேலை?” என்றபடி அக்கா எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“கால் வலியா, கோவமா?”

“ரெண்டும்தான். என் பொண்ணு, உன் செல்லம், நாளைக்குக் கடைச் சாவி வாங்கப் போறாளாம். பேங்க் வேலையை விட்டுட்டு சைக்கிள் ரிப்பேர்! பெத்தவன் வாயே தொறக்கல. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவ காதுல ஏறல.”

“நான் என்ன பண்ணணும்?”

“ஓடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். உனக்குக் கருநாக்கு, சொன்னா பலிக்கும்னு சின்ன வயசுலேருந்து நம்பறவ. அடங்கிடுவா.”

அந்தப் பட்டம் வந்த கதை சின்னது. அத்தானின் ஸ்கூட்டர் பாதி வழியில் நிற்கும் என்றாள், நின்றது. காலையிலிருந்து அது இருமிக்கொண்டிருந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்வார்கள் என்றாள், செய்தார்கள். அதற்கு முன்பே அவர்கள் பால்கனியில் அட்டைப்பெட்டிகள் சேர ஆரம்பித்திருந்தன. கண்ணில் பட்டதைத்தான் சொன்னாள். ஆனால் அக்கா மகள் வாய் பிளந்து பார்த்தபோது விளக்கம் சொல்லாமல் சிரித்தபடி இருந்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று கேட்கிற இடத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவளுக்கு, சான்றே கேட்காமல் நம்ப ஒருத்தி கிடைப்பது லேசான ருசியா?

‘இந்தக் கடை ஓடாது.’ மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சுலபமாகத்தான் வந்தது. ஆனால் அதைச் சொல்ல அவளிடம் என்ன இருந்தது? அந்தப் பெண் மின்விசிறியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒரு திருகாணி மிஞ்சாமல் மறுபடி மாட்டியதைப் பார்த்திருக்கிறாள். வங்கியிலிருந்து பிழிந்துபோட்ட துணிபோல் திரும்புவதையும் பார்த்திருக்கிறாள். கடைக்கு இடம் பிடித்திருக்கும் தெருவில் சைக்கிளைவிடக் கார்தான் அதிகம் என்பதும் தெரியும். ஓடும் என்பதற்கும் இது போதாது, ஓடாது என்பதற்கும் போதாது. மிச்சம் இருப்பது அக்காவின் பயம். அதைத் தன் நாக்கில் வைத்துக் கொடுத்தால், பாவம், அந்தப் பெண் அதை அறிவு என்று நினைத்து வாங்கிக்கொள்வாள்.

“பயமா இருக்குன்னு நீயே அவகிட்ட சொல்லேன்க்கா.”

“பயமா? எனக்கா?” அக்கா கழுத்து வியர்வையைத் துடைத்தாள். பிறகு குரல் இறங்கியது. “விழுந்துட்டான்னா யாருடி தூக்குவா?”

“நாமதான். வேற யாரு?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடுகிற ஆளா அவள்? கைப்பேசியில் மகளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தங்கையின் முன்னால் வைத்தாள்.

“சித்தி! அம்மா அங்க வந்தாச்சா? நீ கடையைப் பத்தி ஏதோ சொல்லணும்னேன்னு காலைலயே சொன்னாளே?”

துள்ளி வந்த குரல் கடைசி வார்த்தையில் தயங்கி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா சத்தமில்லாமல் ‘ஓடாது, ஓடாது’ என்று வாயசைத்தாள். இவ்வளவு நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது, ஆச்சரியம்தான், அவளுக்கு நிறைவாக இருந்தது.

“ஒண்ணுமில்லடா,” என்றாள். “சாப்பிட்டியான்னு கேக்கத்தான்.”