பின் கதவில் சிரிக்கிற சார்

சிவப்பிரகாசம் சாருக்கு நாடகம் என்றால் உயிர். யாருடைய உயிர் என்று மட்டும் கேட்கக்கூடாது.

மதகடிப்பட்டு பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் நாடக மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் அவர்தான். பிள்ளைகள் ஜெயித்து வந்தால் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு பிரின்சிபால் பக்கத்தில் நிற்பார். தோற்று வந்தால் மறுநாள் லீவு போட்டுவிடுவார். ஒத்திகை நடக்கும் ஹாலுக்குள் அவர் கால் வைத்ததை மன்றத்தின் செயலாளர் வெண்ணிலா மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் போட்டிக்குப் போகிற அன்று விடியும்போதே கேட்டில் நிற்பார். தும்பைப்பூ வெள்ளையில் சட்டை, கையில் கார் சாவி.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றார். பாகூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வீதி நாடகப் போட்டி. பத்து மணிக்கு முதல் நாடகமே இவர்களுடையது. ஏரியை வளைத்துப்போட்டு பிளாட் விற்கிறவனைப் பற்றி வெண்ணிலா தானே எழுதி, தானே சொல்லிக்கொடுத்து, ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திப் பழக்கிய நாடகம். அவளுக்கு இது கடைசி வருஷம். மண்ணாடிப்பட்டில் கரும்பு போட்டிருக்கும் அவள் அப்பா, "பரீட்சை முடிஞ்சா கல்யாணப் பேச்சு எடுத்துருவோம்" என்று தை மாசத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அவளுக்கு இன்னொரு போட்டி கிடையாது. ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியாகவே இருந்தது.

வேன் வந்து நின்றது. பதிமூன்று பேர் உட்காரும் வேன். போகவேண்டியவர்கள் இருபத்திரண்டு பேர். அது போதாதென்று பறை, டிரம், பிளாட் புரோக்கர் போட்டுக்கொள்ளும் தொப்பை. வேனின் முதுகு முழுக்க ஒரு புது ஃப்ளெக்ஸ் இழுத்துக் கட்டியிருந்தது. அதில் முக்கால் இடத்துக்கு சாரின் முகம், பல் தெரிய. நடித்த பிள்ளைகள் எல்லாம் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு வரிசையாக இருந்தார்கள். வெண்ணிலாவின் தலை பாதி மடிப்புக்குள் போயிருந்தது.

"ஆகா, மூஞ்சிக்கு ஒரு வேனு வேணுமே" என்று முணுமுணுத்தான் புரோக்கர் வேஷம் போடும் விமல்.

போன வருஷமும் இதே வேன்தான். திருபுவனை பக்கம் ஒரு வளைவில் பின் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஓரத்தில் வைத்திருந்த பறை உருண்டு ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த லாரி அதன் மேலேயே ஏறிப்போனது. காரை ஓரங்கட்டிவிட்டு வந்த சார் நசுங்கிக் கிடந்த தோலைக் காலால் தட்டிப் பார்த்து, "பறையோட போச்சு, விடுங்கபா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை வெண்ணிலா மறக்கவில்லை.

அதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. புதுச்சேரி என்ன ஒரே துண்டாகவா கிடக்கிறது? கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு குறுக்கே வரும், அப்புறம் மறுபடி புதுச்சேரி வரும். நடுவில் சரக்குப் பாட்டில் தேடுகிற செக்போஸ்ட். போலீஸ்காரர் வேனுக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். அதனால் செக்போஸ்டுக்கு முன்பே அதிகப்படியான பிள்ளைகளை இறக்கிவிட்டு, வெயிலில் நடந்து அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்வார் சார். வேன் சீட்டுக்கு ஓர் ஆளாக, பெண் பார்க்கப் போகிற வேன் மாதிரி லட்சணமாகத் தாண்டிப் போகும். தாண்டியதும் எல்லாரையும் மறுபடி அமுக்கிப் பூட்டிக்கொள்ளும். போலீஸ் பார்க்கிற நூறு அடிக்குத்தான் பிள்ளைகளின் உயிருக்கு மரியாதை. மற்ற இடத்தில் அது சாருடைய சௌகரியம்.

"வெண்ணிலா, இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஏத்துமா எல்லாரையும்" என்றார் சார்.

"சார், இருவத்திரண்டு பேரு இருக்கோம். ரெண்டு வேனு கேட்டிருந்தனே சார்."

"அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கபா. ஸ்டூடண்ட் லைஃப்ல இதெல்லாம் ஒரு ஜாலி. செக்போஸ்ட்டு வந்தா போன வருஷம் மாதிரி கொஞ்ச பேரு எறங்கி நடந்துடுங்க."

"பின் கதவு சார்?"

"புது லாக் போட்டாச்சு. நானே கிட்ட நின்னு செக் பண்ணேன். இன்னா, என் பேச்சுல நம்பிக்கை இல்லியா?"

வெண்ணிலா டிரைவர் விஜயராஜைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பிள்ளைகள் ஏறினார்கள். மடிமேல் மடி, காலுக்கடியில் டிரம். வெண்ணிலா கீழே நின்று எல்லாரையும் ஏற்றிய பிறகு முதல் வருஷத்துப் பெண் செல்வகுமாரி மட்டும் பறையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றாள். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. வாய் திறந்து எதுவும் கேட்கத் தெரியாத பிள்ளை. சார் கடைசி சீட்டுக்கும் பின் கதவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போடச் சொன்னார்.

"நீ ஒல்லிதானே, அங்க போய் உக்காரு. கதவுல நல்லா சாஞ்சிக்கோ, சோஃபா மாதிரி இருக்கும்."

செல்வகுமாரி ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்து, கதவில் சாய்ந்தாள். பறை போன இடம் அதுதான். வெண்ணிலா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி எட்டரை தாண்டிவிட்டது. இப்போது கிளம்பினால் பத்துக்குப் போய்விடலாம். வாயைத் திறந்தால் நாடகம் போச்சு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கிளம்பிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"சார், ஒண்ணு செய்யலாம். லாக்குதான் புதுசாச்சே. நீங்க அந்த ஸ்டூல்ல வாங்க. செல்வகுமாரி உங்க கார்ல வரட்டும்" என்றாள்.

சார் உடனே இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு முதுகு வலின்னு தெரியாதா உனக்கு? டாக்டரு குலுங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அப்ப பிரியாவ உக்கார வையுங்க சார்" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தான் விமல். "அவளும் மன்றத்துல மெம்பர்தானே?"

பிரியதர்ஷினி சாரின் மகள். அதே மன்றத்தில் இரண்டாம் வருஷம். நாடகத்தில் ஏரிக்கரை அம்மனாக ஒரே ஒரு காட்சியில் வருவாள், நன்றாகவே வருவாள். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அப்பாவின் ஏசி காரில், பெல்ட் போட்டுக்கொண்டுதான் வருவாள். இப்போதும் கார் முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவளுக்கு வேன்னா வாந்தி வரும்பா. சின்ன வயசுலேர்ந்தே அப்படி" என்றார் சார்.

கார் கதவு திறந்தது. பையை மாட்டிக்கொண்டு பிரியதர்ஷினி இறங்கினாள்.

"எனக்கு வாந்திலாம் வராதுப்பா. நீங்களாதான் சொல்லிக்கினு இருக்கீங்க."

யாரும் தடுக்குமுன் வேனில் ஏறி, எல்லார் முழங்காலையும் தாண்டிப் பின்னால் போய், "எழுந்திருடி செல்வா" என்றாள். செல்வகுமாரி எழுந்து முன்னால் வந்து இறங்கினாள். பிரியதர்ஷினி ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பா சொன்ன மாதிரியே கதவில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். விஜயராஜுக்கு இந்தப் பஞ்சாயத்து முடிந்தால் போதும் என்று இருந்தது. ஏறிச் சாவியைத் திருகினார். வெண்ணிலா ஏறுமுன்பே வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

முதுகு வலிக்காரர் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே!

"டேய் நிறுத்துடா! விஜயராஜ், நிறுத்துடா வண்டிய! பிரியா, எழுந்திருடி! சாயாதடி அதுல! லாக்கே இல்லடி, ஃப்ளெக்ஸ் கயித்துலதான் நிக்குது அந்தக் கதவு!"

வேன் நின்றது. அவரும் நின்றார், தம் முகத்துக்கு எதிரில், இரண்டு கையாலும் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு. ஃப்ளெக்ஸில் இருந்தவர் மட்டும் சிரித்தபடியே இருந்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டு வாங்குவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும் என்று வெண்ணிலாவுக்குத் தோன்றியது. தூ என்று இருந்தது. முதலில் பிரியதர்ஷினி இறங்கி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவரைத் தாண்டிப் போனாள். அப்புறம் விமல், அப்புறம் டிரம்மைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள். எல்லாரும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள்.

"பத்து மணி ஸ்லாட்டு போயிரும். உன் நாடகம்தான் போகும், பாத்துக்கோ" என்று வெண்ணிலாவின் பின்னால் கத்தினார் சார்.

"போவட்டும் சார்" என்றாள் அவள். சொல்லும்போது குரல் உடைந்தது. அதை அவருக்குக் காட்டக்கூடாது என்று வேகமாக நடந்தாள்.

டவுன் பஸ் வில்லியனூர் போய், அங்கே வேறு பஸ் மாறவேண்டும். மாறி ஏறும்போதே பத்தாகிவிட்டது. வெண்ணிலா பாகூர் கல்லூரிக்குப் போன் போட்டாள். லேட்டாக வந்தால் போட்டியில் சேர்க்கமாட்டோம், மத்தியானம் இடைவேளையில் வேண்டுமானால் ஆடிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு வருஷ உழைப்பு சாப்பாட்டு நேரத்து வேடிக்கையாகிவிட்டது. வெண்ணிலா ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அழுதாள். செல்வகுமாரி பறையை மடியில் வைத்துக்கொண்டு அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிரியதர்ஷினியின் போன் அடித்தது. திரையில் 'அப்பா'. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. கடைசியில் போனை வெண்ணிலாவிடம் நீட்டினாள். வெண்ணிலா வாங்கிக் காதில் வைத்தபடி பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெள்ளைக் கார் பஸ்ஸை ஒட்டி வந்துகொண்டிருந்தது. சார் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் காதோடு போனுமாக இருந்தார்.

"பிரியா? படியில நிக்கிறியாமா? உள்ள போம்மா, கம்பிய நல்லா புடிச்சிக்கோ, அவன் வேகமா போறான்..."

"சார், நான் வெண்ணிலா. யாரும் படியில நிக்கல சார். பிரியாவும் உள்ளதான் உக்காந்திருக்கா, செல்வகுமாரியும் உள்ளதான் உக்காந்திருக்கா" என்றாள். "வண்டி ஓட்டறப்ப போன் பேசாதீங்க. வையுங்க."