கொக்குக்கு ஒரு பெட்டி

தையல்காரியின் புருஷனுக்குத் தெருவில் கொக்கு என்று பெயர். கப்பலில் சமையல் வேலை. விடுமுறையில் வந்தால் தூண்டிலோடு ஏரிக்கரையில் மணிக்கணக்காக நிற்பான். யார் கூப்பிட்டாலும் கழுத்து திரும்பாது. கோபம் வந்தால் அவளும் அவனைக் கொக்கு என்றுதான் சொல்வாள், அவன் காதில் விழாமல்.

இந்த முறை அவன் வருவதற்குள் ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று இருந்தாள். போன விடுமுறையில் பாதி, கட்டிலுக்கடியில் தூண்டில் சாமான் அடைத்துக் கிடந்த பிஸ்கட் டப்பாக்களைத் தரையில் கொட்டிச் சிக்கல் எடுப்பதிலேயே போய்விட்டது. "சின்ன முள்ளைப் பார்த்தியா? ஈயக்குண்டு எங்கே?" என்று ஓயாத நச்சரிப்பு வேறு. வருவதே அத்தி பூத்தாற்போல. அதையும் டப்பாக்களா தின்பது? எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டால் மிச்சமாகிற நாளெல்லாம் தனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டினாள்.

தூண்டில் கடையில் இருந்த பெட்டி ஒவ்வொன்றையும் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தாள்.

"தடுப்பெல்லாம் நகருமா?"

"உங்க இஷ்டத்துக்கு நகர்த்திக்கலாம்மா," என்றார் கடைக்காரர். "மீன் பிடிக்கறவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க."

"மீன் பிடிக்கறவரைப் பிடிச்சு வைக்கணுமே, அப்போ பார்க்கத்தானே வேணும்!"

மூன்று தட்டுப் பெட்டியோடு வீடு வந்தாள். பட்டன் அடுக்கிப் பழகிய கை. கனமான ஈயக்குண்டுகள் அடித்தட்டுக்குப் போயின. முட்கள் அளவுவாரியாக நடுத்தட்டில், மிதவைகள் ஓரத்தில், தூண்டில் நரம்பை நூல்கண்டு போலச் சுற்றி வைத்தாள். மீனுக்கு இரையாகக் காட்டும் ரப்பர் புழுக்களை அவன் கடையில் கொடுத்த கவரிலேயே விட்டு வைத்திருந்தான். 'சோம்பேறி, கவரைக்கூடப் பிரிக்கலை' என்று முணுமுணுத்து, கவர்களைக் கிழித்தெறிந்து, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மேல்தட்டில் நெருக்கமாகப் படுக்க வைத்தாள். கண் நிறைந்தது.

அப்புறம் கப்பலிலிருந்து அவன் போன் வந்தது. "எனக்குப் பதில் வரவேண்டிய ஆள் வரலைம்மா. அடுத்த மாசம் வந்துடறேன்."

அடுத்த மாதமும் அதே பாட்டு. வெயில் ஏறியது. மிஷினுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த பெட்டியை அவ்வப்போது தடவிக்கொடுப்பாள், திறக்க மாட்டாள். முதலில் அவன்தான் திறக்கவேண்டும். அவனைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பிளவுஸுக்குக் கொக்கி தைக்கும்போதுகூட அவன் நினைப்புத்தான்.

கடைசியில் அடுத்த வாரம் வருவது நிச்சயம் என்றான். தூசி தட்டலாமே என்று மனசு கேட்காமல் மூடியைத் திறந்தாள். புழுக்கள் உருகி, எல்லா நிறமும் ஒன்றாகக் குழம்பி, தட்டோடு ஒட்டிப் பிசுபிசுவென்று கிடந்தன.

அழுதுகொண்டே போன் செய்தாள். அவன் சிரித்துவிட்டான்.

"அது சில பிளாஸ்டிக்ல பட்டா உருகிடும்மா. ஒண்ணோட சாயம் இன்னொண்ணுல ஏறும். அதான் கவரோடயே வச்சிருந்தேன்."

"நீங்க சொன்ன தேதிக்கு வந்திருந்தா உருகியிருக்குமா?"

அவன் பேச்சை மாற்றினான்.

"சரி விடு. மத்ததெல்லாம் நல்லா இருக்கா?"

"ம். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். வந்த அன்னிக்கே ஏரிக்குப் போயிடலாம் நீங்க."

"அப்போ வீட்டுல எனக்கு வேலையே இல்லைன்னு சொல்லு." குரலில் சுரத்தில்லை. "டப்பாவைக் கொட்டிக்கிட்டு உன் மிஷின் பக்கத்துல உட்காரணும், நீ திட்டணும், அதைத்தான் இங்க நினைச்சுக்கிட்டே இருந்தேன். முள்ளு எங்கேன்னு தெரியாமலா உன்கிட்ட கேட்டேன்?"

போனை வைத்துவிட்டு வெகுநேரம் பெட்டியையே பார்த்தாள். அவன் கேட்டபோதெல்லாம் மிஷினை விட்டுத் தலை நிமிராமல் "எனக்கென்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது.

பட்டன் போட்டு வைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாக்களைக் கொண்டுவந்தாள். ஈயக்குண்டு, முள், மிதவை எல்லாவற்றையும் கலந்து கொட்டி உலுக்கினாள். பிறகு நரம்புக்கண்டை அவிழ்த்து, பிறந்ததிலிருந்து நூலில் சிக்கல் விழவிடாத கையால், நிதானமாகச் சிக்கல் போட்டாள்.

ஒரே நாளில் சிக்கலை எடுத்துவிடுவான் போலிருந்தது. இன்னொரு கண்டையும் அவிழ்த்தாள்.