அவர் கேட்காத பொருத்தனை

கதை அச்சாகி வந்த பத்திரிகையை அவள் முதலில் கணவனிடம்தான் காட்டினாள். அவன் பேருந்துப் பணிமனையில் என்ஜின் பார்ப்பவன். கதை கிதை படிக்கிற பழக்கமே கிடையாது. ஆனாலும் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பாஸ்டரம்மா இதைப் படிச்சா என்ன நினைப்பாங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை அதை யோசிக்கவே இல்லை.

கதையில் ஒரு போதகரின் மனைவி வருகிறாள். ஒரு வருடமாக அவளால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுகிறாள், உதடு அசைகிறது, உள்ளே ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி ஆமென் சொல்கிறாள்.

உண்மையில் அது அவளுடைய சொந்த அனுபவம். சின்னவன் பிறந்த பிறகு ஏழெட்டு மாதம் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. வேதத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரியும், வார்த்தையாகச் சேராது. தன்னைப் பற்றி எழுத வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைப் போதகரின் மனைவியாக்கிவிட்டாள். அதையும் நிதானமாக உட்கார்ந்து எழுதவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் அரைநாள் வேலை, மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகள். இரண்டும் குளிக்கிற நேரம்தான் அவளுக்கு எழுதுகிற நேரம். குளியலறை வாசலில் முக்காலி, ஒரு கண் வாளியில், ஒரு கண் நோட்டில். அந்த அவசரத்தில், அவர்கள் சபைக்கு இருப்பது ஒரே ஒரு போதகர், அவருக்கு ஒரே ஒரு மனைவி என்பது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை கடையில் ஒருவருக்குக் கண்ணாடியின் காதுக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாஸ்டரம்மா.

"சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல இருப்பியாம்மா? உன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"என்ன விஷயம்மா?"

"நேர்ல பேசிக்கலாம்."

கையிலிருந்த கம்பி ஒடிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு வேறு கம்பி மாட்டிக் கொடுத்தாள்.

கணவனிடம் சொன்னதும், "சனிக்கிழமை நான் ஓவர்டைம் பாக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

"இப்பதானே அப்படித் தோணுச்சு?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அடுப்படியில் நின்றபடியே ஜெபித்தாள். "ஆண்டவரே, இந்த ஒரு தடவை என்னைத் தப்பிக்க வைங்க. பாஸ்டரம்மா மனசு நோகக் கூடாது. நான் எடுக்கிற சண்டே ஸ்கூல் வகுப்பு என் கையை விட்டுப் போகக் கூடாது. இனிமே கதையே எழுத மாட்டேன். இது என் பொருத்தனை." சொன்னதோடு நிற்காமல் நோட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுப் பரண்மேல் ஏற்றினாள். மனம் லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை.

அன்று சாயங்காலம் முக்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நோட்டு எங்க?" என்றாள் மூத்தவள், தலை நிறைய நுரையோடு.

"காணோம்."

பொய் சொல்லக் கூடாது என்று போன வாரம்தான் அதே பிள்ளைக்கு வகுப்பில் பாடம் எடுத்திருந்தாள்.

சனிக்கிழமை பாஸ்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். அவளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். நாற்காலியில் கிடந்த துவைத்த துணிகளைத் தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். சின்னவன் மடியில் ஏறி அவருடைய கண்ணாடியைக் கழற்றினான். அவர் தடுக்கவில்லை. பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார்.

"இது நீ எழுதினதுதானே?"

"ஆமாம்மா. ஆனா உங்களை மனசுல வச்சு எழுதலை."

"அது எனக்குத் தெரியும். என்னைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் கேக்க வந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கு மூணு வருஷம் அப்படி இருந்துச்சும்மா. பொண்ணு பிறந்த பிறகு ஆரம்பிச்சது. வீட்ல பாஸ்டர்கிட்ட கூட சொன்னதில்லை. பெண்கள் கூட்டத்துல ஜெபம் நடத்துவேன், உள்ள காலியா இருக்கும். உலகத்துலயே எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன். இதைப் பஸ்ல படிச்சுட்டு அழுதுட்டேன். கண்டக்டர் வந்து, பர்ஸ் தொலைஞ்சுபோச்சாம்மான்னு கேட்டார்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அது நான்தாம்மா. இவன் பிறந்தப்ப."

பாஸ்டரம்மா அவளையே சற்று நேரம் பார்த்தார். "அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு, "நான் மட்டும் யார்கிட்ட சொன்னேன்" என்றார்.

சின்னவன் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரே ஒரு குறை சொல்லட்டுமா? உன் கதையில அவ ஒரே நாள்ல சரியாயிடறா. ஒரு பாட்டு கேக்குது, பொசுக்குன்னு கண்ணீர், எல்லாம் சரி. அப்படி ஆகாதும்மா. எனக்குத் திரும்பி வந்தது எப்பன்னே தெரியாது. ஒரு நாள் வெங்காயம் நறுக்கிட்டே யார்கிட்டயோ பேசிட்டிருக்கேன், பாத்தா ஆண்டவர்கிட்ட."

"கடைசிப் பக்கம் எழுதறப்ப இவன் சோப்பைக் கடிச்சுட்டான். அதான் அவசரமா முடிச்சுட்டேன்."

பாஸ்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "சரி, அடுத்து என்ன எழுதற?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு பொருத்தனையையும், நோட்டுகளைப் பரண்மேல் ஏற்றியதையும் சொன்னாள்.

"ஆண்டவர் அதை உன்கிட்ட கேட்டாரா?"

"இல்லை."

"நான் திட்ட வரவே இல்லை. அப்புறம் எதுலேருந்து உன்னைத் தப்பிக்க வச்சார்? பஸ்ல அழுது முடிச்சதும், இதை எழுதின பிள்ளைக்காக நான் அவருக்கு நன்றி சொன்னேன். இன்னும் நாலு கதை எழுத வைங்கன்னும் கேட்டிருக்கேன். ரெண்டு பேரும் ரெண்டு விதமா கேட்டா அவர் யார் பேச்சைக் கேப்பார்?" நாற்காலியை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டார். "ஏறு. நான் பிடிச்சுக்கறேன்."

பை கீழே வந்தது. மேலே ஒட்டடை. மூத்தவள் தட்டிவிட்டாள்.

கிளம்பும் முன் பாஸ்டரம்மா ஜெபித்தார். சபையில் ஜெபிப்பது போல நீளமாக இல்லை. நடுநடுவே நிறுத்தி, வார்த்தை தேடி, நாலைந்து வாக்கியத்தில் முடித்தார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் தெருமுனையைத் தாண்டியதும் கணவன் எதிர்க்கடை மறைவிலிருந்து வெளியே வந்தான். ஓவர்டைம் பார்க்காமல் அரைமணி நேரமாக அங்கேதான் நின்றிருக்கிறான்.

"வேற சபை பாக்கணுமா? டிப்போ பக்கத்துல ஒண்ணு இருக்கு" என்றான்.

"தேவையில்லை. வாங்க, சாப்பிடலாம்."

நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை பரிமாறிக்கொண்டாள். அவ்வளவு பசி.