குளிர்காலத்தின் கடைசி நாள்

கிளேர் இடுப்பளவு பனிக்குள் மறைந்தபோது ஒடெட் முதலில் சிரித்துவிட்டாள். பனியில் விழுந்தவளைக் கேலி செய்துவிட்டுப் பின்னர் தூக்கிவிடுவது அச்சகோதரிகளின் நெடுநாள் வழக்கம். ஆனால் கிளேர் எழவில்லை. முழங்கைகளை ஊன்றி எம்ப முயன்றாள், பனி உடைந்தது, மார்பளவு இறங்கினாள்.

"அக்கா, கிட்ட வராத. அடியில மரம் இருக்கு."

புதையுண்ட இளம் ஊசியிலை மரங்களின் கிளைகளுக்கு அடியில் பனி நிரம்புவதில்லை. மேலே சமவெளிபோல் தோன்றும். கீழே வெற்றிடம் வாய் திறந்திருக்கும். ஆகையால் பாதையை விட்டு எவரும் விலகமாட்டார்கள். அவர்கள் விலகியிருந்தார்கள். தடத்தைக் காற்று மூடிவிட்டது. கோடையில் தலைக்கு நேரே தெரியும், மரங்களில் வெள்ளை வண்ணத்தால் தீட்டிய வழிக்குறிகள், பனி உயர்ந்துவிட்டதால் முழங்காலருகே வந்துவிட்டிருந்தன. அப்படியொரு வெள்ளையைச் சுட்டிக்காட்டி "அதோ, போ" என்று சொன்னவள் ஒடெட்தான். அது வண்ணமன்று, மரப்பட்டையில் ஒட்டியிருந்த உறைபனி.

இன்று வந்திருக்கவே கூடாது என்பதை ஒடெட் அறிவாள். பகல் வெயிலில் இளகிய மார்ச் மாதப் பனி எவரையும் தாங்காது. ஆனால் இம்மலைகளில் ஏறுவோரிடையே ஒரு விதி உண்டு: நாட்காட்டியின்படி குளிர்காலம் முடியுமுன் ஏறிய சிகரமே குளிர்கால ஏற்றமாகக் கொள்ளப்படும். நாளை ஏறினால், பனி ஆளுயரம் கிடந்தாலும், அது வசந்தம். குளிர்காலத்தில் ஏறிமுடிக்க வேண்டிய சிகரங்களில் ஒடெட்டுக்கு இது ஒன்றே மிஞ்சியிருந்தது. கோடையில் அறுவை சிகிச்சை செய்து அவளுடைய முழங்கால் மூட்டை மாற்றவிருந்தார்கள். அடுத்த குளிர்காலத்தின்மீது அவளுக்கு நம்பிக்கை இல்லை. "பனி சரியில்லக்கா" என்று கார் நிறுத்துமிடத்திலேயே கிளேர் கூறினாள். கூறிவிட்டு உடன் வந்தாள்.

"கால் அசையுதாடி?"

"இடது வருது. வலது ஸ்னோஷூ கிளைக்குள்ள மாட்டிக்கிச்சு. இழுத்தா இன்னும் கீழதான் போறேன்."

ஒடெட் பனியில் புதையாதிருக்கக் காலணிக்கடியில் பூட்டியிருந்த தன் அகன்ற ஸ்னோஷூக்களைக் கழற்றிப் பனியின்மேல் பரப்பி, அவற்றின்மீது குப்புறப் படுத்து, குழியின் விளிம்பைக் கைகளால் தோண்டினாள். தோண்டத் தோண்டப் பனி சரிந்து நிரம்பியது. தலைகீழாக உள்ளே நுழைந்து தங்கையின் பாதத்தைத் தடவிக் கண்டுபிடித்தபோது, ஸ்னோஷூவின் வார் பனிக்கட்டியோடு கட்டியாக உறைந்திருந்தது. கையுறையைக் கழற்றினாள். சற்றைக்கெல்லாம் விரல்கள் தன்னுடையவையல்ல என்று தோன்றியது.

"பல்லால கடிக்கா. சின்ன வயசுல என்னக் கடிச்சியே, அந்த மாதிரி."

"வாய மூடு."

"நான் இங்கயே செத்துட்டா, இந்த மலை உனக்குக் கணக்குல சேருமா, சேராதா?"

ஒடெட் கத்தியை எடுத்தாள்.

"அறுக்காதக்கா! அது போச்சுன்னா நான் எப்படி இறங்குவேன்? அடிக்கு அடி தொடை வரைக்கும் புதையும்."

"மொதல்ல வெளிய வா. அப்புறம் சண்ட போடலாம்."

வார் அறுந்தது. அக்குளில் கைகொடுத்து ஒடெட் பின்னோக்கி இழுத்தாள். இருவரும் பனியின்மேல் உருண்டார்கள். கிளேரின் காலணி முழுவதும் நனைந்திருந்தது. அவள் பற்கள் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். பின்னர் அந்நடுக்கம் மெல்ல நின்றது.

"இப்பக் குளிரலக்கா," என்றாள் அமைதியாக.

அன்று செவியுற்ற சொற்களிலேயே கொடியது அதுதான். குளிரோடு போராடி உடல் தோற்கும்போதுதான் நடுக்கம் நின்று குளிரும் தெரியாமற்போகும். ஒடெட் தன் ஸ்னோஷூக்கள் இரண்டையும் தங்கையின் கால்களில் பூட்டினாள். தன் மேலங்கியை அவளுக்கு அணிவித்தாள். சற்றுக் கீழே, காற்று மூடாத, பலர் மிதித்து இறுகிய தடம் இருந்தது. அதை அடைந்துவிட்டால் வெறுங்காலணியோடும் நடக்கலாம். அதுவரை போகவேண்டும்.

"நீ எதுல வருவ?"

ஒடெட் கிளேரின் இடது காலிலிருந்து கழற்றிய ஒற்றை ஸ்னோஷூவை மார்புக்கடியில் வைத்துப் படுத்தாள். "தவழ்ந்து வரேன்."

"அந்த முட்டியோடயா? லூசு."

"ஆமா, லூசுதான். திட்டிக்கிட்டே போ. பேச்ச நிறுத்தாத."

கிளேர் திட்டிக்கொண்டே நடந்தாள். அக்காவின் பிடிவாதத்தைத் திட்டினாள். அவள் சமைக்கும் பட்டாணி சூப்பைத் திட்டினாள். பிறகு எவரென்று ஒடெட்டுக்கு விளங்காத யாரையோ திட்டினாள். சொற்களுக்கிடையே இடைவெளி நீண்டது. ஒடெட் முழங்கைகளால் உந்தி ஊர்ந்தாள். முழங்கால் வலியில் கண்கள் இருண்டன. "அப்புறம்? சூப்புல என்னடி குறை?" என்று கத்தினாள்.

"உப்பு," என்றது முன்னாலிருந்து ஒரு குரல், வெகுநேரம் கழித்து.

"அப்புறம்?"

அவளுக்குப் பின்னால், அவளுடைய உடல் உழுத பள்ளத்தைக் காற்று நிரப்பிக்கொண்டே வந்தது. முன்னால், மங்கிய வெளிச்சத்தில், ஸ்னோஷூவின் பின்முனை உயர்ந்தது, தாழ்ந்தது, மீண்டும் உயர்ந்தது, தாழாமல், எதற்கு நடக்கிறோம் என்பதையே கிளேர் மறந்துவிட்டாற்போல, காற்றில் அப்படியே நின்றது.