பச்சையாகும் பெட்டி

ஒரே வாரத்தில் இருபத்துமூன்று டயாலிசிஸ் நோயாளிகளின் முறை கைவிட்டுப் போயிருந்தது. வருவதாக அவர்கள் செயலியில் உறுதி செய்யவில்லையாம். அதனால் அந்த இடங்களை மையம் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது.

அந்தச் செயலியின் புதிய திரையை வடிவமைத்தவள் காமினி. ஜார்ஜ் டவுனில், பீச் ஸ்ட்ரீட் மாடி அலுவலகத்தில் மூன்று மாத உழைப்பு.

"வயசானவங்க மறந்துருவாங்க லா," என்றார் குழுத்தலைவர் குணாளன். "நீதான் ஆறு பேர வெச்சு டெஸ்ட் பண்ணியே."

ஆமாம், ஆறு பேர். அத்தனை பேரும் அலுவலகத் தோழர்கள். திரையில் உள்ள பெட்டியை எப்படித் தள்ள வேண்டும் என்று முதலில் அவளே காட்டிவிட்டுத்தான் சோதித்தாள். அது நினைவுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மறுநாள் காலையே, முறை இழந்த ஒருவரின் வீட்டுக்குப் போக ஃபெரி ஏறினாள். படகில் நான்கு முறை இடம் மாறி உட்கார்ந்தாள்.

அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஹமீதா அக்காவின் வீடு. அவர் கணவருக்கும் அந்த வாரம் முறை போயிருந்தது. மாலைவரை காத்திருந்து வேறு இடம் வாங்கினார்களாம்.

"எப்பவும் செய்ற மாதிரியே செய்ங்க அக்கா. நான் பேச மாட்டேன்."

ஹமீதா திரையில் இருந்த பெட்டியை அழுத்தினார். அது பச்சையானது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

உறுதியாக, அதை இன்னும் வலப்பக்கம் தள்ள வேண்டும். காமினியின் விரல் தானாக முன்னே போனது. அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சா அக்கா?"

"பச்சையா ஆயிருச்சே. ஏன்மா, தப்பா? எனக்குப் படிப்பு பத்தல."

"தப்பு உங்களோடது இல்ல அக்கா. அந்தப் பச்சைய வெச்சது நான்தான்." கணவரின் அடுத்த முறையை ஹமீதாவின் கையாலேயே உறுதி செய்ய வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அலுவலகத்தில், புதிய திரையை எடுத்துவிட குணாளன் ஒப்புக்கொள்ளவில்லை. "மூணு மாச வேலைய ஒரு அக்காவுக்காகத் தூக்கிப் போடறதா?"

"போன மூணு மாசம் திரும்பி வராது அண்ணே. நாளைக்கு இன்னொருத்தர் மெஷின் இல்லாம திரும்பிப் போவார். அதைப் பாருங்க."

அவர் உறுதி செய்யாதவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தார். பிறகு, "பழைய பட்டனையே போடு," என்றார்.

பிற்பகலில், ஒருமுறை அழுத்தினாலே போதுமான 'வருகிறேன்' என்ற பழைய பொத்தான் திரும்ப வந்தது. ஆனால் மறுநாள் பட்டியலில் ஐந்து பேர் இன்னும் உறுதி செய்யாமல் இருந்தார்கள். காமினி ஒவ்வொருவராக அழைத்தாள். நான்கு பேர் எடுத்தார்கள். ஐந்தாமவர் எடுக்கவில்லை. எழுந்து ஜன்னல்வரை நடந்துவிட்டு வந்து, மறுபடியும் அதே எண்ணை அழைத்தாள்.