முந்திக்கொண்ட சிப்பாய்

செவ்வாய்க்கிழமை மாலையே என் மனைவிக்கு ஆறு மாதத்துக்கு விடைகொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை அது எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை அவள் தம்பியோடு கைப்பேசியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தேன். அவன் பேருந்து ஓட்டுநர். இரண்டு நடைக்கு நடுவே பணிமனை பெஞ்சில் உட்கார்ந்து ஆடுவான். அதுவரை நாற்பது ஆட்டம், நாற்பதும் எனக்கே. இதிலும் என் ராணி இருந்தது. அவனிடம் ஒரு யானையும் சில சிப்பாய்களும்தான். அவன் ராஜா பக்கத்துக் கட்டத்துக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது.

இந்தக் கைப்பேசி ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. எதிராளி யோசிக்கும்போதே நம் அடுத்த நகர்வை இழுத்து வைத்துவிடலாம். அவன் ஆடிய கணமே அது தானாக நடந்துவிடும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவன். "எங்க தெருவுல" என்று ஆரம்பித்தாலே போதும், குழாய் உடைப்பா, கலங்கல் தண்ணீரா என்று எழுதிவிடுவேன். வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை. அதனாலேயே நன்றாகக் கேட்பவன் என்று என்னை நானே நினைத்திருந்தேன்.

அவன் ராஜாதான் நகரும் என்று சிப்பாயை இழுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால், யானையைக் கொண்டுவந்து என் ராணியின் மூக்குக்கு நேரே நிறுத்தியிருக்கிறான். அந்த யானைக்குக் காவலுக்கு ஆளே இல்லை, சும்மா வெட்டியிருக்கலாம். ஆனால் என் சிப்பாய் அதற்குள் பெருமையாக ஓர் அடி முன்னே போயிருந்தது. யானை ராணியை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் என் ராஜாவும் மூலையில் மடங்கியது.

உடனே அழைத்தான்.

"மாமா, உயிரோட இருக்கீங்களா?"

"யானையத் தெரியாமத்தானே அங்க வச்ச?"

"தெரிஞ்சுதான். நான் ஆடுறதுக்குள்ள உங்க கை ஆடி முடிச்சிருக்கும். நாப்பது ஆட்டமா அதைத்தானே பாக்குறேன்." பின்னால் பலபேர் சிரித்தார்கள். பணிமனையே கூடி நின்று பார்த்திருக்கிறது.

"சரி சரி, வை."

"இருங்க மாமா. அக்கா விஷயமும் இதேதானே? ஆறு மாசம் பயிற்சின்னு சொல்ல வந்தா, எந்த ஊருன்னுகூடக் கேக்காம 'சரி, போயிட்டு வா'ன்னீங்களாம். நாளைக்கு அது கையெழுத்துப் போடணும். உங்களத் திட்டுறதா, கும்பிடுறதான்னு தெரியாம உக்காந்திருக்கு."

செவ்வாய் மாலையை நினைத்துப் பார்த்தேன். "நான் கொஞ்சம் வெளிய" என்பது வரை காதில் விழுந்திருந்தது. கடைக்கு என்று மனதில் எழுதிவிட்டேன்.

அவள் மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிப்பவள். உள் அறையில் வெள்ளை அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டீங்களாமே. தம்பி படம் அனுப்பியிருக்கான். நல்லாத்தான் இருக்கு."

"அதை விடு. அன்னைக்குச் சொன்னத மறுபடி சொல்லு."

"எதுக்கு? பதில்தான் அன்னைக்கே வந்தாச்சே."

"சொல்லேன்."

சொன்னாள். புதுக் கருவிகள், ஊரின் பெயர், விடுதி அறை, மாதம் ஒருமுறை வரலாம் என்பது. இரண்டு முறை "சரி" என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அவள் நிறுத்தினாள். முடிந்தது என்றுதான் நினைத்தேன். இருந்தும் காத்திருந்தேன். ஒரே அங்கியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"போகணும்னு ஆசைதான். ஆனா, நான் இல்லாட்டி உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதோன்னு இருக்கு."

இந்த வாக்கியத்துக்கு என்னிடம் தயாராக எதுவும் இல்லை. தேட நேரம் பிடித்தது.

"தெரியும்," என்றேன். "வீடு ரொம்ப அமைதியாயிடும்."

"இப்ப மட்டும் நீங்க மேளமா கொட்டுறீங்க?" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

"போயிட்டு வா."

"இதத்தானே அன்னைக்கும் சொன்னீங்க?"

"அன்னைக்கு நீ சொல்லி முடிக்கல."

"இன்னைக்கும் முடிக்கல," என்று அடுத்த அங்கியை எடுத்தாள். "துணி துவைக்கிறது, சமையல் எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இன்னும் பாக்கி இருக்கு."

வாயை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.